அடுப்படிப் பதில்கள்: இராப் பசிக்கு என்ன வைப்போம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரவு ஒன்பது மணிக்குப் பிந்திய பசியைப் பற்றியவை. தேயிலை ஸ்டோரில் இரா வேலை செய்கிறவர், பரீட்சைக்குப் படிக்கிறவர், குவைத்தில் வேலை முடித்து உட்காருகிறவர் என்று ஆள் வேறு, ஊர் வேறு, பசி ஒன்று. நேராகப் பதிலுக்குப் போவோம்.

கேள்வி: இராப் பசிக்கு ஒரே ஒரு தீனியைச் சொல்லுங்கள். இரண்டாவது பெயர் வரக்கூடாது.
(வாசகர், தலவாக்கலை)

பதில்: அவித்த கடலை.

காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஊறப் போட்டால், இரவில் அடுப்பு அணையுமுன் அவித்துவிடலாம். தாச்சியில் ஒரு கரண்டி எண்ணெய், கடுகு, வெங்காயம், கறிவேப்பிலை, இரண்டு செத்தல் மிளகாய்; இறக்கும்போது பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். அவித்த கடலை 100 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் புரதம் இருக்கிறது. நார்ச்சத்தும் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும். நடுச்சாமத்தில் மறுபடி பசித்து எழும்ப வேண்டியிராது. ஒரு பிடி போதும். மிச்சம் காலையில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் போகட்டும்.

கேள்வி: பசிக்கிறதா, வாய்தான் கேட்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(வாசகி, வட்டகொடை)

பதில்: நேற்று வாங்கிய பாணில் ஒரு துண்டை நினைத்துப் பாருங்கள். கறி இல்லை, சம்பல் இல்லை. அதையும் தின்னலாம் என்று தோன்றினால் பசி. "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று தோன்றினால் ஆசை. ஆசைப்படுவது குற்றமல்ல. அதற்கு முதலில் ஒரு கோப்பை சுடுதண்ணீரும் பத்து நிமிடமும் கொடுங்கள். அதன் பிறகும் கேட்டால் அளவாகத் தின்னுங்கள்.

கேள்வி: தேயிலை ஊரில் பிறந்துவிட்டு, இரவில் பிளேன்டீ குடிக்காதே என்றால் எப்படி?
(வாசகர், லோகித் தோட்டம்)

பதில்: குடியுங்கள், மணி பார்த்துக் குடியுங்கள். ஒரு கோப்பைச் சாயத்தில் 40, 50 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும். அதில் பாதியை வெளியேற்றவே உடம்புக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேண்டும். இரவு ஒன்பதுக்குக் குடித்தால் அதிகாலை இரண்டு மணிக்கும் பாதி இரத்தத்தில் நிற்கிறது. "நான் படுத்தவுடன் தூங்கிவிடுவேனே" என்பீர்கள். தூக்கம் வரும், ஆழம் குறையும். விடியற்காலையில் எழும்பும்போது உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கிறதே, அதில் ராத்திரிச் சாயத்துக்கும் பங்கு இருக்கலாம்.

பின்னேரம் ஐந்து மணியோடு சாயத்தை நிறுத்துங்கள். பிறகு கொத்தமல்லித் தண்ணீர், இஞ்சித் தண்ணீர், ரணவரா என்று சிங்கள அயலவர் குடிக்கும் ஆவாரம்பூ. மூன்றிலும் கஃபீன் இல்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. இலையை இவ்வளவு அறிந்த ஊர், அந்த இலை உடம்பில் செய்யும் வேலையையும் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டோரில் இரா வேலை. ஒரு மணிக்கு வயிறு இரைகிறது. கைக்குக் கிடைப்பது பணிஸும் சோடாவும்தான். வீட்டிலிருந்து என்ன கொண்டுபோகலாம்?
(தொழிலாளி, கிரேட்வெஸ்டன்)

பதில்: அண்ணே, உலகம் காலையில் குடிக்கும் தேநீருக்காக நீங்கள் இரவில் விழித்திருக்கிறீர்கள். மடுவத்தில் நிறுத்து அனுப்பிய கொழுந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை தொட்டியில் காற்று வாங்கி வாட வேண்டும். பதத்துக்கு வாடிய இலை யாருக்காகவும் காத்திருக்காது. அதனால்தான் ஊர் தூங்கும் நேரத்தில் ரோலர் சுழல்கிறது. இலைக்கு இப்படி மணி பார்க்கிற இடத்தில் மனிதர் வயிற்றுக்கும் மணி பார்க்க வேண்டும்.

வேலைக்குப் போகுமுன், ஏழு எட்டு மணிக்கு, சோறு கறியோடு முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். பன்னிரண்டு ஒரு மணிக்கு வேண்டியது சிறு தீனி: ஒரு தேங்காய் ரொட்டி, கெட்டியாக வைத்த பருப்பு, முடிந்தால் அவித்த முட்டை ஒன்று. நடுச்சாமத்தில் சீனியைச் சமாளிக்கும் சக்தி உடம்புக்குப் பகலைவிடக் குறைவு. பணிஸும் சோடாவும் சேர்ந்தால் கொஞ்ச நேரம் உற்சாகம், பிறகு கண் சொக்கும். சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கண் சொக்கக்கூடாது. சாயம் குடிப்பதென்றால் வேலையின் முதல் பாதியில் குடியுங்கள். பின் பாதியில் தண்ணீர். விடிந்து வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுப் படுங்கள். வெறும் வயிற்றோடு படுத்தால் பசி எழுப்பும். வயிறு முட்டத் தின்று படுத்தால் நெஞ்செரிவு எழுப்பும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு சொல்: இரா வேலைக்காரருக்குச் சுடுதண்ணீரும், உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசையும், கை கழுவ ஒரு சோப்புத் துண்டும் பெரிய செலவல்ல. செய்து கொடுங்கள்.

கேள்வி: கோதுமை ரொட்டி நம் அடையாளமா, நம் வறுமையா?
(ஆசிரியர், லிந்துலை)

பதில்: வறுமை கொண்டுவந்தது, கைப்பக்குவம் அடையாளமாக்கியது. இந்தத் தீவில் கோதுமை வயல் இல்லை. எல்லாம் கப்பலில் வருவது. 1980இல் திருகோணமலையில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கிய பின் கோதுமையாக வந்து இங்கே மாவானது. சோறு ஆக்க அரிசியும் கறியும் நேரமும் வேண்டும். ரொட்டிக்கு மா, தேங்காய், உப்பு, தண்ணீர் போதும். இருட்டோடு சுட்டுத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம். கறி இல்லாத நாளில் கட்டா சம்பலே கறி. லயத்து அடுப்பில் ரொட்டி நிலைத்ததற்கு இவைதான் காரணம். 2022 நெருக்கடியில் மா விலை பல மடங்கு ஏறியபோது அந்த ரொட்டியையும் எண்ணித் தின்ன வேண்டி வந்தது.

ஆனால் சுடும் கை நம்முடையது. தேங்காய்ப் பூவை மாவில் போட்டு, பச்சைக் கொச்சிக்காயும் வெங்காயமும் பொடியாக அரிந்து சேர்த்து, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைய வேண்டும். ஈரக் கையால் தட்டி, மிலாறு நெருப்பில் சூடேறிய கல்லில் போட்டால் ஓரம் மொறுமொறுக்கும், நடு மெத்தென்று இருக்கும். தேங்காய்ப் பூ கல்லில் படுகிற இடமெல்லாம் கருகல் புள்ளி விழும். ருசி அந்தப் புள்ளியில்தான். இதை வறுமை என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

இரவுக்கு ஒன்று போதும். கூடவே பருப்போ முட்டையோ வையுங்கள். ரொட்டி வயிற்றை நிரப்பும். உடம்பைத் தேற்றுவது அவைதான்.

கேள்வி: இரவு பதினொரு மணிக்குக் கருவாடு பொரிக்க ஆசை. பொரிக்கலாமா?
(வாசகர், டயகம)

பதில்: தனி வீடென்றால் உங்கள் விருப்பம். லயமென்றால் வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கின்றன. நீங்கள் பொரிப்பது ஒரு துண்டு, எழும்புவது ஒரு லயம். அடுத்த காம்பராவில் கைக்குழந்தை தூங்கும். அதற்கடுத்ததில் நாலரைக்கு எழும்ப வேண்டியவர் தூங்குவார்.

ஆறு மணிக்கே பொரித்துப் போத்தலில் போட்டு மூடிவிடுங்கள். இரவில் ஒரு துண்டை உதிர்த்து, வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைந்தால் ரொட்டிக்கு அதைவிடத் துணை இல்லை. ஒரு துண்டோடு நிறுத்துங்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு அந்தக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடும்.

கேள்வி: உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். இரவு பன்னிரண்டுக்கு அம்மா நூடுல்ஸ் போட்டுத் தருகிறார். நல்லதா?
(மாணவி, கொட்டகலை)

பதில்: தங்கச்சி, அம்மாவின் அன்புக்கு நூறு புள்ளி, நூடுல்ஸுக்கு முப்பத்தைந்து, சாதாரண சித்தி. பக்கட்டோடு வரும் தூளில் பாதியை மட்டும் போடச் சொல்லுங்கள். உப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கரட், லீக்ஸ், கோவா என்று நுவரெலியா மண்ணில் விளைவதில் ஒரு பிடி அரிந்து போட்டு, ஒரு முட்டையையும் உடைத்து ஊற்றினால் அறுபத்தைந்துக்கு ஏறும். அவித்த பயறும் தேங்காய்ப் பூவும், கூட ஒரு வாழைப்பழமும் என்றால் எழுபத்தைந்து. ஏ சித்தி உறுதி.

இன்னொன்று. படித்ததை மூளை பதித்து வைப்பது தூக்கத்தில். ஒரு மணிக்கு மேல் படித்தால், படித்ததைக் காப்பாற்றும் நேரத்தையே செலவழிக்கிறீர்கள். தின்றுவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள்.

கேள்வி: இரவில் வாழைப்பழம் தின்றால் சளி பிடிக்குமா?
(வாசகி, நானுஓயா)

பதில்: சளியைக் கொண்டுவருவது கிருமி. கோழிக்கூட்டோ கதலியோ தாராளமாகத் தின்னுங்கள்.

கேள்வி: இரவில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் ஒரு பக்கட் பிஸ்கட் முடிந்துவிடுகிறது. என்ன செய்ய?
(ரசிகர், ஹட்டன்)

பதில்: டெஸ்டில் 800 விக்கெட் எடுத்த முத்தையா முரளிதரன், பிஸ்கட் தொழில் நடத்திய வீட்டுப் பிள்ளை. அவர் தாத்தா தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். முரளிக்கே ஓவருக்கு ஆறு பந்துதான் கொடுத்தார்கள். நீங்களும் எண்ணித்தான் எடுக்க வேண்டும்: நான்கு பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கட்டை அடுப்படியில் கொண்டுபோய் மூடி வையுங்கள். எழுந்து போக வேண்டியிருந்தால் கை தானாகப் போகாது.

அதிகம் தின்ன வேண்டுமென்றால் வறுத்த கச்சான். தோலோடு வாங்குங்கள், உடைத்து உடைத்துத் தின்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். சோடா வாங்குமுன் போத்தலில் உள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் அது கட்டாயம். சிவப்பென்றால் சீனி மிக அதிகம் என்று அர்த்தம்.

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். சில இரவுகளில் வியர்த்து, கை நடுங்கி எழும்புகிறார். பசி என்கிறார். என்ன கொடுக்க?
(மகன், பொகவந்தலாவை)

பதில்: தம்பி, இது தீனி தேடும் பசி அல்ல. இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சீனி வருத்தக்காரருக்குச் சீனியா என்று தயங்காதீர்கள். அந்த நிமிடத்தில் அதுதான் மருந்து. பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் ஒரு துண்டு பாணோ நான்கு கிரேக்கர் பிஸ்கட்டோ தின்னச் செய்யுங்கள். சுயநினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 1990ஐ அழையுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசம்.

மறுநாளே கிளினிக்கில் சொல்லுங்கள். மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கலாம். இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் போடும் வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

கேள்வி: படுத்தவுடன் நெஞ்செரிகிறது. இரவில் எதுவுமே தின்னக்கூடாதா?
(வாசகர், அக்கரப்பத்தனை)

பதில்: தின்னலாம், தின்றதும் படுக்கக்கூடாது. கடைசி வாய்க்கும் பாய்க்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டா சம்பல் பகலுக்கு. பொரித்த வடையும் பகலுக்கு. இடதுபக்கம் சரிந்து படுத்தால் எரிவு குறையும். வாரக்கணக்கில் நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள்.

கேள்வி: கொழும்பில் புடைவைக் கடையில் வேலை. பூட்டிவிட்டு வரப் பத்து மணியாகிறது. கொத்துச் சத்தம் கேட்டால் கால் நிற்கமாட்டேன் என்கிறது.
(தலவாக்கலை இளைஞர், புறக்கோட்டை)

பதில்: நிற்காது தம்பி. இரண்டு இரும்புத் தகடு கல்லில் விழும் சத்தத்துக்குச் சம்பளப் பையே திறந்துகொள்ளும். ஒரு கொத்து என்பது பல ரொட்டி, நிறைய எண்ணெய், மேலே குழம்பு. நண்பரோடு ஒன்றைப் பங்கு போடுங்கள். "மரக்கறி கூட, எண்ணெய் குறைய" என்று கேளுங்கள். கொத்துகிறவர் கண் முன்னால்தான் போடுகிறார், கேட்டால் செய்வார். கிழமைக்கு ஒரு நாள் போதும்.

மற்ற நாட்களில் இடியப்பம், பருப்பு, சொதி. இரவுக்கு இலகுவானது, வயிறும் லேசாக இருக்கும். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கச்சான் வைத்திருந்தால் ஏழு மணிக்கே பாதிப் பசி அடங்கிவிடும். பத்து மணிக்கு வெறும் வயிற்றோடு கொத்துக் கடையைக் கடக்கிறவர் தோற்பார்; பாதி வயிற்றோடு கடக்கிறவர் வீடு சேர்வார். மிச்சம் பிடித்த காசை ஊருக்கு அனுப்புங்கள்.

கேள்வி: குவைத்தில் வீட்டு வேலை. எல்லோரும் படுத்த பிறகுதான் எனக்குச் சாப்பாட்டு நேரம். இரவு பன்னிரண்டாகிறது. அந்த நேரத்தில் என்ன சாப்பிட?
(சகோதரி, டிக்கோயா தோட்டமொன்றிலிருந்து போனவர்)

பதில்: அக்கா, அந்த ஊரிலேயே நல்ல விடை இருக்கிறது. ஃபூல் என்று அவர்கள் சொல்லும் அவித்த அவரை விதையில் ஒரு கிண்ணம், அரைக் குபூஸ், கொஞ்சம் லப்னே, இரண்டு பேரீச்சம்பழம். நோன்பு காலத்தில் விடியுமுன் தின்றுவிட்டு நாள் முழுவதும் தாக்குப்பிடிக்க அரபு வீடுகளில் நம்பும் உணவு இது. பன்னிரண்டு மணிக்குச் சோற்றை நிறையப் போட்டுக்கொண்டு உடனே படுத்தால் தூக்கமும் போகும், மறுநாளும் போகும்.

ஆனால் என் பதில் தட்டோடு நிற்காது. குவைத்தின் 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டுப் பணியாளருக்கு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடையில் ஓய்வு வேண்டும். உணவு கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. மாலை ஏழு எட்டு மணிக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிடக் கேளுங்கள். அது சலுகை அல்ல. மறுத்தால் இலங்கைத் தூதரகத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: வாழ்நாள் முழுக்க கொழுந்து பறித்தேன். தேயிலையைத் தின்ன முடியுமா?
(ஓய்வுபெற்ற தொழிலாளி, மிடில்டன்)

பதில்: முடியும் அம்மா. மியன்மாரில் இளங்கொழுந்தை அவித்து, புளிக்க வைத்து, வறுத்த பருப்பு, கச்சான், எள், உலர்ந்த இறால் சேர்த்துப் பிசைந்து தின்கிறார்கள். லபெட் என்று பெயர். விருந்தாளி வந்தால் முதலில் நீட்டும் தட்டு அதுதான். ஜப்பானில் சோற்றின் மேல் சுடச்சுடத் தேநீரை ஊற்றி இரவில் இலகுவாகச் சாப்பிடுகிறார்கள், அது ஓச்சாஸுகே.

நம் மலையில் மட்டும் பச்சைக் கொழுந்தை வாயில் போடாதீர்கள். அது மருந்தடித்த செடி. லபெட்டிலும் கஃபீன் உண்டு என்பதால் அதுவும் பகலுக்கே நல்லது. உங்கள் கை பறித்த இலையை மற்றவர்கள் விருந்தாக வைக்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: மாசி மாதம் காமன் கூத்துக்கு விடிய விடிய விழிக்கிறோம். என்ன தின்றால் விடியும்வரை தெம்பு இருக்கும்?
(இளைஞர், பூண்டுலோயா)

பதில்: தப்புச் சத்தம் பாதி தெம்பைத் தரும். மீதிக்குச் சுண்டல், மாவிளக்கு, கொத்தமல்லி இஞ்சி போட்ட சுடுதண்ணீர். ஒரேயடியாகத் தின்னாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரதி மதனாக ஆடுகிற பிள்ளைகளுக்கு ஆட்டத்துக்கு முன் கஞ்சியும் வாழைப்பழமும் கொடுங்கள். வேஷம் கட்டிய பிறகு தின்ன முடியாது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றையும் இந்தத் தீவில் தோட்டத்துச் சனங்கள்தான் உயிரோடு வைத்திருக்கிறார்கள். கூத்தாடுகிறவருக்குச் சாப்பாடு கொடுப்பது அந்தக் கலைக்குச் செய்யும் உதவி. ஒரு காம்பராவுக்கு ஒரு கிண்ணம் சுண்டல் என்று சேர்த்தால் களமே சாப்பிடலாம்.

கேள்வி: மூன்று வயதுப் பிள்ளை இரவில் பசிக்கிறது என்று அழுகிறது. பால்தேத்தண்ணி கொடுத்தால் அடங்குகிறது. தொடரலாமா?
(இளம் தாய், மஸ்கெலியா)

பதில்: வேண்டாம் மகளே. தேத்தண்ணி பிள்ளையின் வயிற்றை ஏமாற்றும். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஏழு மணிக்குப் பருப்பு, முட்டை, கீரை ஏதாவது ஒன்றோடு சோற்றைக் குழைத்துக் கொடுங்கள். இரவில் அழுதால் அரை வாழைப்பழமோ வெறும் பாலோ கொடுத்து, வாயைக் கழுவிவிட்டுப் படுக்க வையுங்கள். எடை குறைவென்று கிளினிக்கில் திரிபோஷா கொடுத்திருந்தால் அதையே உருண்டை பிடித்துக் கொடுங்கள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அது என்ன தின்றது என்று தினமும் கேளுங்கள். இரவு அழுகைக்கான காரணம் பல நேரம் பகல் தட்டில் இருக்கும்.

கேள்வி: மகள் ஆறு மாதக் கர்ப்பம். நடு இரவில் பசித்து எழும்புகிறாள்.
(தாய், இராகலை)

பதில்: எழும்பட்டும். பசி அவளுடையது மட்டுமல்லவே. தலைமாட்டில் மூடிய பாத்திரத்தில் அவித்த பயறோ கடலையோ, ஒரு பழம், தண்ணீர் வையுங்கள். இருட்டில் அடுப்படிக்கு நடக்க வேண்டாம். சாயத்தைப் பகலில் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள்; கர்ப்ப காலத்தில் கஃபீன் உடம்பைவிட்டுப் போக இன்னும் நேரம் எடுக்கும். இரும்பு மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கட்டும், தேத்தண்ணியோடு அல்ல.

1973 முதல் இந்த நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் திரிபோஷா கொடுக்கிறார்கள். சோளம், சோயா, பால்மா கலந்தது. அவள் பெயரில் வரும் பக்கட் அவளுக்கே போக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாதீர்கள்.

கேள்வி: பானையில் இருக்கும் பகல் சோற்றை இரவு பதினொரு மணிக்குத் தின்னலாமா?
(வாசகர், டெவன்)

பதில்: பகலில் வடித்து, மூடி, அடுப்பின் கதகதப்பிலேயே கிடந்த சோறென்றால் வேண்டாம். அதில் வளரும் ஒரு கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இரவில் வடித்த சோற்றை ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழஞ்சோறு. வெங்காயம், மோர் மிளகாய் இருந்தால் அது ராஜ சாப்பாடு. அதைக் காலைக்கே விட்டுவைத்து, இரவுக்கு ரொட்டியைப் பாருங்கள்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு வந்து இரவில் பைட் கேட்கிறார். எதைச் செய்து கொடுத்தால் உடம்புக்குக் கெடுதல் குறையும்?
(சகோதரி, பெயர் வேண்டாம் என்றவர்)

பதில்: சகோதரி, பைட்டுக்கு நான் சமையல் குறிப்பு தரமாட்டேன். குடியின் கெடுதலைப் பொரியல் குறைக்காது. குடிக்குமுன் வயிற்றில் சோறு இருந்தால் போதை மெதுவாக ஏறும், அவ்வளவுதான். நாள் முழுக்க மலையேறி வந்தவர் நீங்கள். பத்து மணிக்கு மேல் அடுப்பு மூட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கே எல்லோருக்கும் வைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். கை நீட்டினாலோ மிரட்டினாலோ 1938க்கு அழையுங்கள். பெண்களுக்கான அரசாங்க உதவி இலக்கம் அது. பொறுத்துக்கொள் என்று உங்களுக்கு யார் சொன்னாலும் நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: இரவுத் தீனிக்கு வள்ளுவர் அனுமதி உண்டா?
(தமிழ் ஆர்வலர், கண்டி)

பதில்: 95ஆம் அதிகாரமான 'மருந்து' பெரும்பகுதி சாப்பாட்டைப் பற்றியதே. முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்கிறவருக்கு மருந்தே தேவையில்லை என்கிறார். மணி எத்தனை என்று அவர் கேட்கவில்லை, செரித்ததா என்றுதான் கேட்கிறார். நாமும் அதையே கேட்டுக்கொள்வோம்.

கேள்வி: எல்லோரும் படுத்த பிறகு அம்மா அடுப்படியில் ஒரு ரொட்டித் துண்டையும் சாயத்தையும் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார். கேட்டால் பசியில்லை என்கிறார். அவருக்கு நான் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?
(மகன், தலவாக்கலை)

பதில்: தம்பி, இவ்வளவு கேள்விகளில் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டவர் அவர். பகல் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்து, கூடையைச் சுமந்து, மடுவத்தில் நிறுத்து, வீடு வந்து தண்ணீர் பிடித்து, ஆக்கி, எல்லோருக்கும் வைத்து, கடைசியில் மிஞ்சியதைத் தின்கிறார். அதற்குப் பசியில்லை என்று பெயர் வைத்திருக்கிறார். வீட்டில் அதிகம் உழைக்கிற உடம்புக்குக் குறைவான தட்டு என்பது எந்த நியாயத்திலும் சேராது.

தோட்டத்துப் பெண்களைச் சோர்வாக்குவதில் இரத்தச்சோகைக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயம், அந்தச் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தில் பாதிக்கு மேல் உடம்பில் சேராமல் தடுத்துவிடும். ரொட்டியும் சாயமும் மட்டுமே இரவுச் சாப்பாடென்றால் உடம்பில் என்ன சேரும்? பொன்னாங்காணியோ வேறு கீரையோ, ஒரு பிடி நெத்தலி, ஒரு முட்டை, தேசிக்காய்ப் புளி விட்ட சம்பல் என்று அவர் தட்டில் விழ வேண்டும். சாயம் ஒரு மணி நேரம் கழித்து, அதுவும் பகலில். கிளினிக்கில் ஒரு முறை இரத்தம் சோதித்துப் பார்த்தால் நல்லது.

நீங்கள் எதையும் தேடி வாங்க வேண்டியதில்லை. தேங்காய் திருகுங்கள், வெங்காயம் உரியுங்கள், ரொட்டியைக் கல்லில் திருப்பிப் போடுங்கள். வேலை சீக்கிரம் முடியும். எட்டு மணிக்கே அவரும் உட்காரலாம். முதல் ரொட்டியும் முட்டையும் அவர் தட்டுக்குப் போகட்டும். வேண்டாம் என்பார். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள்.

வாசகர் எல்லோருக்கும் இதே வேண்டுகோள்தான்: இன்றிரவு வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று பாருங்கள். நாளையிலிருந்து அவருக்கு முதலில் போடுங்கள்.